மனிதரைப் பயிரிட்ட திருமலைச்சாமி

இனிமேல் உருளைக்கிழங்கை மட்டும் நம்பிப் பயனில்லை, மனிதர்களைத்தான் பயிர் செய்ய வேண்டும் என்று கவுஞ்சி மலைக்கிராமத்துத் திருமலைச்சாமி முடிவு செய்தது ஒரு பங்குனிக் காலையில், வாயில் கேப்பைக் கூழோடு. பெரிய முடிவுகளை வாய் காலியாக இருக்கும்போது எடுப்பது நல்லது. ஆனால் அவருடைய வாய் காலியாக இருந்த நேரம் வெகு குறைவு. ஒன்று கூழ் இருக்கும், இல்லாவிட்டால் பேச்சு இருக்கும்.

"ஏ புள்ள, நான் மனுசங்களைப் பயிர் பண்ணப் போறேன்."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மனைவி அன்னக்கொடி நிமிரவில்லை. "எத்தனை ஏக்கருங்க?"

"கேலி பண்ணாதே. தொழிலுன்னா தொடர்பு வேணும். பெரிய மனுசங்க பழக்கம் வேணும். தாண்டிக்குடி மயில்சாமி சொன்னான்."

மயில்சாமி அவருடைய அக்காள் மகன். தாண்டிக்குடியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் எழுத்தர். முதலாளியின் ஜீப்பில் பின்பக்கம் உட்கார்ந்து ஒருமுறை திண்டுக்கல் போய் வந்ததிலிருந்து உலகத்தைப் பற்றி அறிவுரை சொல்லும் தகுதி அவனுக்கு வந்துவிட்டது.

"சரிங்க. விதை எங்கே வாங்குவீங்க?"

திருமலைச்சாமி கூழை விழுங்கினார். கூடவே கொஞ்சம் கவலையையும் விழுங்கினார். ஏனென்றால் இதில் கேலிக்கு உரியது எதுவும் உண்மையில் இல்லை. வத்தலக்குண்டுத் தரகர் நல்லுசாமி சொல்லி அனுப்பிவிட்டார்: அடுத்த மார்கழிக் கிழங்கை அப்படியே அவர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும், விலையை அவர் 'அப்புறமாக'ச் சொல்வார், சம்மதமா இல்லையா என்பதைக் கார்த்திகை முடிவதற்குள் நேரில் வந்து சொல்ல வேண்டும். அந்த 'அப்புறம்' என்ற சொல் திருமலைச்சாமியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. போன வருஷம் அப்படி ஒப்படைத்த பக்கத்துத் தோட்டக்காரர் இந்த வருஷம் தம் நிலத்திலேயே கூலிக்குக் களை பறித்துக்கொண்டிருந்தார்.

தப்ப ஒரே வழி, கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருந்த பெரிய ஓட்டல். வாராவாரம் மூட்டை மூட்டையாகக் கிழங்கு வாங்கும் சமையலறை அது. அந்தக் கிழங்கோ சமவெளியிலிருந்து லாரியில் மலையேறி வந்துகொண்டிருந்தது! அதை நிறுத்தக்கூடிய ஒரே மனிதர் ஓட்டல் மானேஜர் வேலுமணி. அவரைத்தான் திருமலைச்சாமி பயிர் செய்யப் புறப்பட்டார்.

பூண்டு நட்டால் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஊன்றிய மறுநாள் மண்ணைக் கிளறி வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற மடையர் அல்ல அவர். அந்தப் பொறுமை முழுவதும் தோட்டத்தோடு முடிந்துவிட்டது. மனிதர்கள் விஷயத்தில் காலையில் நட்டதை மாலையில் அறுக்க வேண்டும் அவருக்கு.

பயிர் செய்ய அவர் தேர்ந்த பருவம் மே மாதம். மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மே மாதம் சீசன். மதுரையும் திருச்சியும் சென்னையும் மூட்டை முடிச்சோடு மேலேறி வரும் காலம். மானேஜர்கள் தலைசீவ மறக்கும் காலம். அப்படிப்பட்ட ஒரு நாளில், சாப்பாட்டுக்கூடம் நிரம்பி வழிந்த நடுப்பகலில், பூம்பாறை வரை மட்டக்குதிரையிலும் அங்கிருந்து லாரியிலும் வந்திறங்கிய திருமலைச்சாமி, வேலுமணியின் முன்னால் கைகட்டி நின்றார்.

"அய்யா, சும்மா பழகிட்டுப் போகலாம்னு வந்தேனுங்க."

வேலுமணியின் ஒரு கையில் டெலிபோன். மறு கையில், சூப்பில் முடி கிடந்ததாகப் புகார் சொன்ன சீமாட்டியின் சூப்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாமுங்க. தொடர்பு."

"எந்த ரூமோடே?"

முதல் பாத்தி அப்படிக் கருகியது. இரண்டாவது முயற்சி ஏரியில். மாலையில் மானேஜர் மனைவியோடு படகில் போவதைக் கரையிலிருந்து பார்த்தவர், மனிதர் ஓய்வாக இருக்கிறார், இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா என்று தாமும் ஒரு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். துடுப்பை அதற்கு முன் அவர் தொட்டதில்லை. படகு முன்னே போக மறுத்து நின்ற இடத்திலேயே வட்டமிட்டது. சுற்றி வந்து மானேஜரை நோக்கித் திரும்பும்போதெல்லாம் திருமலைச்சாமி எழுந்து கும்பிட்டு, "வணக்கமுங்க! கவுஞ்சிக் கிழங்கு!" என்று கூவினார். பிறகு படகு அவரை வேறு பக்கம் திருப்பிவிடும். மறுபடி சுற்றி வரும். "வணக்கமுங்க!" கடைசியில் படகுக்காரர்கள் கயிறு போட்டுக் கன்றுக்குட்டியை இழுப்பது போல் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

இத்தனைக்கும் அன்னக்கொடி அந்த மானேஜரின் மனைவியை ஒரு வருஷத்துக்கும் மேலாக அறிந்திருந்தாள். தமயந்தி பழனிக்காரி. தாயில்லாதவள். மலைக்குளிரும் ஓட்டல் இரைச்சலும் பிடிக்காமல், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கூடையோடு வந்து, வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்னக்கொடி கடை விரித்திருந்த சாக்கோரம் நின்று பேசிவிட்டுப் போவாள். ஐப்பசி மழையில் சந்தையே வெறிச்சோடிய நாளிலும் இருவரும் ஒரே தாழங்குடைக்குள் நின்று பேசியதுண்டு. திருமலைச்சாமி இதை மதித்ததில்லை. இரண்டு ஆண்கள் நின்று பேசினால் அதற்குத் தொடர்பு என்று பெயர். இரண்டு பெண்கள் நின்று பேசினால் வம்பு. பெயர் வைத்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"வருசம் முச்சூடும் அந்தம்மாகிட்டே பேசுறியே, ஒரு கிழங்கு வித்தியா?"

"விக்கலைங்க."

"கேட்டாவது பாத்தியா?"

"இல்லைங்க."

"அப்ப என்னதான் பேசுறீங்க?"

"சும்மாங்க. ஒரு வாரம் அவங்க பேசுவாங்க, ஒரு வாரம் நான் பேசுவேன்."

"நேரம் வீணு!" என்று தீர்ப்பளித்துவிட்டு, ஏரியில் வட்டமிட்ட தமது நேரத்தை எண்ணிப் பெருமூச்சு விட்டார்.

அன்றிரவு முதல் அவருக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் தரகர் நல்லுசாமி 'அப்புறம்' என்றார். கண்ணைத் திறந்தால் அடுப்புக்கு மேலே, பரண் கொம்பில், அன்னக்கொடி கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டு தெரிந்தது. மலையில் பூண்டை அப்படித்தான் வைப்பார்கள். அடுப்புப் புகை படப்பட அது இறுகும், மாதக்கணக்கில் கெடாது. பெரிய மனிதர் வீட்டுக்கு வெறுங்கையோடு போனதுதான் தவறு என்று அவருக்குப் பட்டது. அண்ணாந்து பார்த்தார். புரண்டு படுத்தார். மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

அடுத்த வாரம் முன்பக்கக் கொத்து ஒன்றைக் காணவில்லை.

அதை அவர் மானேஜரின் ஓட்டலுக்குக் கொண்டுபோகவில்லை; அவ்வளவு அனுபவம் வந்துவிட்டது. வீட்டுக்கே கொண்டுபோனார். தமயந்திக்கு அப்போது மசக்கை என்பதை அவர் எப்படி அறிவார்? அறிந்தவள் ஒருத்தி அவர் வீட்டிலேயே இருந்தாள். அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. புகையேறிய பூண்டு வாசம் கதவிடுக்கில் நுழைந்ததுதான் தாமதம், உள்ளே தமயந்தி ஓங்கரிக்கும் சத்தம் தெரு வரை கேட்டது. வேலுமணி பனியனோடு வெளியே பாய்ந்தார்.

"யாருய்யா அது? ஏரியிலே கத்துன ஆளா? எடுத்துட்டுப் போய்யா அந்தக் கருமத்தை!"

"அய்யா, மலைப்பூண்டுங்க. ஒடம்புக்கு ரொம்ப…"

"அவ மூணு நாளா ஒரு வாய் தண்ணி குடிக்கலைய்யா! இன்னொருக்க உன்னை இந்த கேட்டுக்குள்ளே பாத்தேன், வாட்ச்மேனை விட்டுக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளச் சொல்லுவேன்!"

பூண்டுக்கொத்து சுவரைத் தாண்டிப் பறந்தது. அதைப் பின்பற்றித் திருமலைச்சாமியும் வெளியேறினார், கேட் வழியாக.

வீட்டில் அவர் சொன்ன வரலாறு வேறு.

"மானேஜரு ரொம்பப் பிரியமானவரு. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாரு."

"கதவைச் சாத்துறதுக்கு முன்னாலேயா, பின்னாலேயாங்க?"

அவர் கேளாதவர் போல் வெற்றிலையைத் தேடினார்.

"பரண்லே ஒரு கொத்து குறையுதுங்க."

"எலியா இருக்கும்."

"வேட்டி கட்டுன எலியாங்க?"

அதற்குப் பிறகு ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. கிழங்கு ஊன்றியாயிற்று. செடி தழைக்கத் தழைக்க மனிதர் இளைத்தார். கொடைக்கானல் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் அஞ்சினார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, பயணிகள் ஒழிந்தார்கள், கார்த்திகையும் பிறந்துவிட்டது. ஒரு காலை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வத்தலக்குண்டு போறேன். தரகரு காலிலே விழுந்துட்டு வந்துர்றேன். வேற வழி இல்லை."

"ஒரு ஞாயித்துக்கெழமை பொறுங்க."

"பொறுத்து? மாசம் முடியப் போகுது!"

"மூட்டை ஒண்ணு தூக்கணும். எனக்கு ஆளில்லை. வந்து தூக்கிக் குடுத்துட்டு அங்கிட்டே எறங்கிப் போயிருங்க."

ஞாயிறு வெள்ளனே அவள் முக்காலி போட்டு ஏறி, பரணின் பின்மூலையிலிருந்து ஒரு கொத்தை அவிழ்த்தாள். ஒவ்வொரு பூண்டும் பாக்கைப் போல் இறுகி, தேன் நிறத்தில் மின்னியது. திருமலைச்சாமி ஒன்றை நசுக்கிப் பார்த்தார்.

"இது எப்ப உள்ளது? அப்ப நான்… எலி எடுத்தது?"

"அது சொத்தைங்க. எலி எடுக்கட்டும்னு முன்னாலே கட்டினது."

"தெரிஞ்சேவா?"

"ராத்திரி பூரா அண்ணாந்து பாத்தா தெரியாதாங்க? வேணாம்னா கேப்பீங்களா? சரி, போறது போறாரு, கட்டாந்தரையைக் கெளறிவிட்டாவது வரட்டும், நாம பின்னாலே விதைச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

தாம் உழவராகப் போகவில்லை, கலப்பையாகப் போனோம் என்று அவருக்கு விளங்க மலைப்பாதை முழுவதும் தேவைப்பட்டது.

மானேஜர் வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. பழனியிலிருந்து தமயந்தியின் மாமியார் கந்தம்மாள் வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு வேண்டும். மழைக்காலச் சந்தையிலோ ஈரம் குடித்து முளைவிட்ட பூண்டுதான் கிடைத்தது. கந்தம்மாள் நாலு நாளாக மலையையே வைது கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, அடுக்களை வாசலில், மழை சொட்டச் சொட்ட, அன்னக்கொடி போய் நின்றாள். விறகுக் கொட்டகையின் ஓரம், கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டு, தோளில், முன்கூட்டியே தோண்டிய கிழங்கு மூட்டையோடு திருமலைச்சாமி நடுங்கினார். குளிர் பாதி, வாட்ச்மேன் பாதி.

பூண்டைக் கண்டதும் கந்தம்மாள் ஒன்றை உரித்து முகர்ந்தாள். "இது பூண்டு! ஏலே வேலுமணி, வெரசா வா, இங்கே பாரு!"

தமயந்தி கட்டிலிலிருந்தே, "அன்னக்கொடி அக்காவா? உள்ளே வரச் சொல்லுங்க அத்தை!" என்று குரல் கொடுத்தாள்.

வேலுமணி வந்தார். சீசன் இல்லை, டெலிபோன் இல்லை, சூப் இல்லை. தலைசீவியிருந்தார். பூண்டைக் கையில் வாங்கியவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அன்னக்கொடி, நீ கவுஞ்சிதானே? போன சீசன்லே உங்க ஊர் ஆளு ஒருத்தரு இதே பூண்டைக் கொண்டாந்தாரு. வாய்க்கு வந்தபடி பேசி வெரட்டிட்டேன். ராத்திரி நெனச்சா மனசு உறுத்துது. அவரு எப்படி இருக்காரு?"

"இருக்காருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கிழங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொட்டகையோரம் திருமலைச்சாமிக்கு உயிர் துடித்தது. கேளடி, இப்போது கேளடி! அவளோ முந்தானையைப் பிழிந்துவிட்டு, "வர்றேங்க, சோலி கெடக்கு," என்று திரும்பினாள். அவருக்குக் கண் இருண்டது. வத்தலக்குண்டும் நல்லுசாமியும் களைக்கொத்தும் அந்த இருட்டில் வரிசையாகத் தெரிந்தன.

"நில்லு, நில்லு," என்றார் வேலுமணி. "அந்த மூட்டையிலே என்ன?"

"கிழங்குங்க. சந்தைக்குப் போகுது."

"சந்தைக்கு ஏன்? இங்கேயே எறக்கு. இனிமே வாராவாரம் ஓட்டலுக்கு நீயே போடு. விலையை இப்பவே பேசிருவோம்."

இப்பவே! திருமலைச்சாமியின் காலுக்குக் கீழே மலை தளர்ந்து மறுபடி நின்றது.

"ஒண்ணு மட்டும்," என்றார் மானேஜர், குரலைத் தாழ்த்தி. "உங்க ஊர் அந்த ஆளு கூட வராமப் பாத்துக்க. மனசு உறுத்துறது வாஸ்தவம்தான். ஆனா மறுபடி வந்தா மறுபடியும் வெரட்டிருவேன். அந்தப் பேச்சு ஆகாது."

"சரிங்க."

"மூட்டை தூக்க வேற ஆளு வெச்சிருக்கியா?"

"இருக்காருங்க. அந்தா நிக்கிறாரே, அவருதான். வாயே தெறக்க மாட்டாரு."

வேலுமணி கொங்காணியைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். பங்குனியிலிருந்து திருமலைச்சாமி தேடி அலைந்த பெரிய மனிதர் பழக்கம் இதோ பத்தடி தூரத்தில், சிரித்த முகத்தோடு, நேரமும் கையுமாக நின்றது. அவர் வாயைத் திறந்தார். அன்னக்கொடி திரும்பிப் பார்த்தாள்.

திறந்த வாயைக் கொட்டாவியாக்கி மூடிக்கொண்டு, திருமலைச்சாமி மூட்டையை இறக்கினார்.