‘நில்லு, பாரு’ டீச்சர்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அட்டைப்பெட்டி அறுத்தது. வாஷிங் மெஷின் வந்த பெட்டி. அம்மாவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியே நின்று வரைய ஆளுக்கொரு அட்டை வேண்டுமாம். லிஃப்ட் என்ஜினீயரான மகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். அம்மா சாண் போட்டாள்.

“ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையேம்மா.”

“பிள்ளைங்க மட்டும் அச்சுல வார்த்த மாதிரியா இருக்குதுங்க? அறுடி.”

அடுத்த வாரம் அம்மா இல்லை. இதயம்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வகுப்பை வெளியே கூட்டிப்போகும் டீச்சர். அடையாளம் சொல்கிறேன். உங்களுக்கு முன்னால் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தவர், பஸ் கிளம்புவதையும், பின்னால் வந்தவர் முட்டிக்கொண்டு முனகுவதையும், கையிலிருந்த பால் பாக்கெட் ஒழுகுவதையும் சட்டை செய்யாமல், சாக்கடை மூடி அருகே குந்தி உட்கார்ந்து, தன்னைவிடப் பெரிய இறக்கையை இழுத்துப்போகும் எறும்பைப் பார்த்து, “அட, பின்பக்கமாவே நடக்கிறான் பாரேன்!” என்று தெருவுக்கே கேட்கும்படி வியந்தால், சந்தேகமே வேண்டாம். அவர்தான். பஸ்? போயே போய்விட்டது.

அவர் கைப்பையில் சீப்பு இருக்காது, சிறகு இருக்கும். அவர் வீட்டு வெண்ணெய் டப்பாவை யோசிக்காமல் திறக்கக் கூடாது. மகள் ஒருமுறை திறந்தாள். உள்ளே கூட்டுப்புழு. அன்றோடு வெண்ணெயை விட்டாள்.

இவர் வகுப்பில் ரப்பருக்குத் தடை. வண்டுக்கு எட்டுக் கால் போட்டுவிட்டால் அழிக்கக் கூடாது. திரும்பப் போய் எண்ணி, பக்கத்தில் இன்னொரு வண்டு வரைய வேண்டும். பெயர் கேட்டாலும் சொல்ல மாட்டார். “பேரு கிடக்கட்டும், அது என்ன பண்ணுது சொல்லு.”

தலைமையாசிரியைக்கு இதெல்லாம் தலைவலி.

“பாடத்தை எப்ப முடிப்பீங்க டீச்சர்?”

“இப்பதான் வெளியில முடிச்சிட்டு வர்றோம் மேடம். மழைத்தண்ணி எங்க போகுதுன்னு.”

“எங்க போகுதாம்?”

“உங்க ரூம் சுவத்துக்குள்ள.”

மறுநாள் கொத்தனார் வந்தார்.

இந்த இனத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. கேட்டதும் பதில் சொல்லத் தெரியாது. “தெரியலையே, பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்பார். எல்லோரும்தான் அப்படிச் சொல்கிறோம். இவர் போய்ப் பார்ப்பார். “போன்ல தேடுனா ஒரு நிமிஷம்மா” என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். “உன் போனு எங்க ஸ்கூல் செடியைப் பார்த்துச்சா?”

துக்கம் கேட்க வந்தவர்களில் அந்த வகுப்புச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள், தன் அம்மாவோடு. பெரியவர்கள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்:

“டீச்சர் நத்தையைப் பார்த்துட்டாங்களா?”

“ஏய், சும்மா இரு.” அவள் அம்மா தொடையில் கிள்ளினாள்.

“கேக்கட்டும்க்கா. எந்த நத்தைடா கண்ணு?” என்றாள் மகள்.

“ஸ்கூல் சுவத்துல. காலையில பளபளன்னு கோடு மட்டும் இருக்கு, நத்தையைக் காணோம். எங்க போய் ஒளியுதுன்னு விடியக்காலையில வந்து பார்த்துச் சொல்றேன்னாங்க.”

“பார்க்கலைம்மா. அதுக்குள்ள...”

“அப்ப யாரு பார்ப்பா?”

நத்தை பகலில் ஈரமான இடுக்கில் ஒண்டிக்கொள்ளும். மகளுக்குத் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? சிறுமி கேட்டது அதுவல்ல. அந்தச் சுவரில், அந்த நத்தை, எந்த இடுக்கில்?

மகள், சுவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, வெயில் எப்போது விழும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசகரே, ‘ஆமாம், எந்த இடுக்கு?’ என்று உங்களுக்கும் இப்போது குறுகுறுக்கிறதா? தொலைந்தீர்கள். நீங்களும் அந்த இனம்தான். இனி உங்களுக்காக எந்த பஸ்ஸும் நிற்காது. சுவர் அங்கேதான் இருக்கிறது. இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.