கத்தரிக்கோல் சாரின் மூன்று கொட்டேஷன்

"எனக்கு மூணு கொட்டேஷன் வேணும்!"

சாப்பாட்டு மேசையைத் தட்டிக் கத்தரிக்கோல் சார் முழங்கினார். தட்டிய தட்டில் கரண்டி குதித்தது. தண்ணீர் டம்ளர் குதித்தது. மனைவி மட்டும் குதிக்கவில்லை.

சார் ஒரு பம்பு தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளர். ஆணியிலிருந்து மோட்டார் வரைக்கும் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் கேட்டைத் தாண்டி உள்ளே வராது. விலையை நறுக் நறுக்கென்று வெட்டுகிறவர் என்பதால் சப்ளையர்கள் சேர்ந்து வைத்த பெயர் கத்தரிக்கோல். அவரிடம் பேரம் பேசி ஜெயிக்க இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும் என்று ஆபீசில் சொல்வார்கள். பாவம், அவர்களுக்கு விவரம் தெரியாது. அந்த ஆள் எப்போதோ பிறந்து, அவரையே கல்யாணமும் செய்துகொண்டு, அந்த நேரத்தில் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டிருந்தார்.

கொட்டேஷன் கேட்டது ஆணிக்கு அல்ல. மகளின் மேல்படிப்புக்கு.

மகளை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். குட்டிக்கு அப்பாவைவிட அரை அடி உயரம் அதிகம். ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸ் படித்து அங்கேயே இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆக வேண்டும் என்பது அவளுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே இருக்கும் ஆசை. அதை முதன்முதலில் கேட்டபோது சார் சொன்னது:

"நம்ம தெரு முனையிலேயே ஒரு பேங்க் இருக்கே. அங்க சேர்ந்துட்டா மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துடலாம்."

"அந்த பேங்க் இல்லப்பா. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது என்ன விலை போடறது, எப்படிப் பேசறது, பணத்தை எப்படித் திரட்டறதுன்னு நடுவுல நின்னு முடிச்சுக் கொடுக்கிற வேலை."

"ஓ, தரகர்."

"கோட்டு போட்ட தரகர்ப்பா."

சாருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமை வேறு, பொண்ணை விமானம் ஏற்றிவிட்டு வெறும் கையோடு வீடு திரும்புவது வேறு. சாயங்காலம் அவள் வந்து செருப்பை ஒரு பக்கமும் பையை ஒரு பக்கமும் எறிகிற சத்தம் கேட்டால்தான் அவருக்கு அன்றைய நாள் முடிந்தது போல இருக்கும். போகாதே என்று சொல்ல வாய் வராது. சொன்னால் அவள் முகம் வாடும். அதைப் பார்க்கிற தைரியமும் அவருக்குக் கிடையாது.

அதற்குத்தான் இந்தக் கொட்டேஷன் திட்டம். டெண்டர் விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள்: 'எந்தக் காரணமும் கூறாமல் அனைத்து விலைப்புள்ளிகளையும் நிராகரிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு.' அந்த வரிதான் சாரின் பிரம்மாஸ்திரம். மூன்று படிப்பைக் கொண்டு வரச் சொல்வது, மூன்றிலும் குற்றம் கண்டுபிடிப்பது, டெண்டர் ரத்து. யார் மேலும் பழி வராது. திட்டம் பலிக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. சனிக்கிழமையே போய்க் குட்டியின் அறைக்கு ஆளுயரத்தில் புத்தம் புதிய புத்தக அலமாரி ஒன்றை வாங்கி வந்து நிறுத்திவிட்டார்.

மனைவி அதைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம். பத்து வருஷத்துக்கு அசையாதுங்க."

"அசையவே அசையாது," என்றார் சார் வாயெல்லாம் பல்லாக.

மனைவி 'ஓகோ' என்று தலையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அங்கேயே சார் உஷாராகியிருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்த அம்மா மழலையர் பள்ளியில் டீச்சர். மூன்று வயசுப் பிள்ளைகள் முப்பது பேரை வைத்து மேய்க்கிறவர். பால் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற வாண்டிடம் "பால் குடிக்கிறியா?" என்று டீச்சரம்மா கேட்கவே மாட்டார். "நீலக் கப்புல வேணுமா, சிவப்புக் கப்புல வேணுமா?" என்பார். வாண்டு யோசித்து, சண்டை போட்டு, சிவப்புக் கப்பை ஜெயித்து, பாலைக் குடித்துவிட்டுப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் தொடங்கியது. சார் சிவப்புப் பேனாவோடு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். குட்டி மூன்று கையேடுகளை வரிசையாக வைத்தாள்.

"முதல்ல இது. பொதுவான நிர்வாகப் படிப்பு. ஆனா அஞ்சு வருஷ அனுபவம் கேக்கறாங்கப்பா. எனக்கு ரெண்டுதான் ஆகுது."

"தகுதியே இல்லாத கொட்டேஷன்!" சார் சர்ரென்று ஒரு கோடு இழுத்தார். ஒன்று ஒழிந்தது. மனசுக்குள் ஒரு ஜில்லிப்பு.

"ரெண்டாவது, பழைய, ரொம்பப் பேர் போன பல்கலைக்கழகம். ஒரே வருஷம். நிறைய கணிதம். மூணாவது, ரெண்டு வருஷம். பெரிய நகரத்துல இருக்கு, சுத்தி எல்லாம் பேங்க்..."

"ரெண்டாவதுதான்!" என்று டீச்சரம்மா குறுக்கே பாய்ந்தார். "பேசவே வேண்டாம். ரெண்டாவதையே முடிச்சுடுங்க."

சாரின் பேனா அந்தரத்தில் நின்றது. கொள்முதல் கூட்டத்தில் இன்னொருத்தர் 'இதை முடிச்சுடுங்க' என்பதா! யாராவது ஒரு சப்ளையருக்கு சிபாரிசு பண்ணினாலே அவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

"ஏன் முடிக்கணும்?"

"ஒரு வருஷத்துல முடிஞ்சுடும். பேரும் பெரிய பேரு. சுத்தி காடு. குழந்தை நிம்மதியா படிப்பா."

"டெலிவரி சீக்கிரம்னு சொல்றவன் தரத்துல கை வைப்பான்."

"இது என்ன பம்பாங்க? படிப்பு."

"எல்லாம் ஒண்ணுதான். குட்டி, நீ சொல்லு. இந்த ரெண்டாவதுல கம்பெனிக்கு விலை போடச் சொல்லித் தருவாங்களா?"

"ஒரே ஒரு பாடம் இருக்குப்பா. மத்ததெல்லாம் பங்கு விலை எப்படி ஏறும் இறங்கும்னு கணக்குப் போடறது."

"பேரம்?"

"பேரமெல்லாம் கிடையாது."

"பேரமே கிடையாதா!" சார் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "மூணாவதுல?"

"அதுல முழுக்க அதுதான்ப்பா. ஒரு கம்பெனியைப் பிரிச்சு மேய்ஞ்சு விலை போடணும். எதிர்ல ஆளை உக்கார வச்சுப் பேசிப் பழகணும். ரெண்டு வருஷத்துக்கு நடுவுல வர்ற கோடை முழுக்க ஒரு பேங்க்லயே வேலை. அங்க நல்லா செஞ்சா அவங்களே வேலைக்குக் கூப்பிடுவாங்க. பெரும்பாலும் அப்படித்தான் ஆள் எடுக்கறாங்க. ஒரு வருஷப் படிப்புல நடுவுல அந்தக் கோடையே வராது."

"கேட்டியா?" சார் மனைவி பக்கம் திரும்பினார். "ட்ரயல் ஆர்டர்! சாம்பிள் பார்த்துட்டு மொத்த ஆர்டர் கொடுக்கிற முறை. நான் இருபது வருஷமா செய்யறது. இதை விட்டுட்டுப் பொண்ணைக் காட்டுக்கு அனுப்பறேங்கற!"

"காட்டுல காத்து நல்லா இருக்கும்."

"காத்தா கம்பெனி வாங்குது? மானும் முயலுமா வந்து இவகிட்ட விலை கேக்கும்?"

குட்டிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"அதெல்லாம் சரிங்க," என்றார் டீச்சரம்மா கடைசியாக. "மூணாவதுன்னா ரெண்டு முழு வருஷம். அவளைப் பார்க்காம உங்களால இருக்க முடியுமா?"

இந்த இடம்தான். பிரம்மாஸ்திரத்தை எடுத்து ஏவியிருக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கிற ஆம்பிளைக்கு அஸ்திரமா ஞாபகம் இருக்கும்?

"ஏன் முடியாது? நான் என்ன பச்சைக் குழந்தையா? மூணாவதுதான். ஆர்டர் கன்ஃபர்ம்!"

டீச்சரம்மா முகம் தொங்கிப் போயிற்று. "உங்க இஷ்டம். நான் சொல்லி எப்ப கேட்டிருக்கீங்க?"

தோற்றவளைப் பார்க்கச் சாருக்கே பரிதாபமாக இருந்தது. சாயங்காலம் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துத் தேற்றினார். அந்த அம்மா துக்கம் தாளாமல் இரண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே குட்டியின் அறையைக் கடந்தபோது அலமாரி கண்ணில் பட்டது. பிரஷ் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அடக் கடவுளே, ரத்து பண்ண மறந்துவிட்டோமே!

இனி வார்த்தை மாற முடியுமா? முந்தின நாள் ராத்திரியே போல்ட் சப்ளையருக்கு போன் பண்ணித் தண்டோரா போட்டாயிற்று. "நான் போல்ட் வாங்கறேன். என் பொண்ணு போல்ட் கம்பெனியையே வாங்கப் போறா. ஜாக்கிரதை!" சொல்லும்போது மனசில் இருந்தது பெருமையா வருத்தமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

குட்டி விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வு கம்ப்யூட்டரிலேயே நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு சாருக்குக் கொடுத்த பொறுப்பு, வீட்டில் ஒரு சத்தம் வரக்கூடாது. அழைப்பு மணியின் பேட்டரியைக் கழற்றினார். மிக்சியின் ஒயரைப் பிடுங்கினார். பக்கத்து வீட்டு நாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்து வாயை அடைத்தார். பிறகு குட்டியின் அறைக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு, மூச்சுகூடச் சின்னதாக விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

உள்ளே பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. கொஞ்ச நேரம் ஏதேதோ கணக்கு. குட்டி பிய்த்து உதறிக்கொண்டிருந்தாள். அப்புறம் தேர்வு நடத்திய பேராசிரியர் கேட்டார்: "நீ கிட்ட இருந்து பார்த்த ஒரு பேரத்தைப் பத்திச் சொல்லு."

"சமீபத்துல ஒண்ணு பார்த்தேன். வாங்கறவர் பெரிய அனுபவசாலி. பேச வரும்போதே எதையும் வாங்கறதில்லைங்கற முடிவோட வந்தார். மூணு கொட்டேஷன் கேட்டார். மூணையும் என் சீனியரே தயார் பண்ணினாங்க. ரெண்டு, தோக்கறதுக்குன்னே வச்சது. அதுல ஒண்ணுக்காக சீனியரே விடாப்பிடியா வாதாடினாங்க. அவர் எதிர்த்து வாதாடி, நாங்க விக்க நினைச்சதையே வாங்கிட்டுப் போனார். தோத்துட்டாங்களேன்னு சீனியருக்கு ஐஸ்க்ரீமும் வாங்கிக் கொடுத்தார்."

சாரின் காது ஜிவ்வென்று சூடேறியது.

"அவருக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாது. வாங்கினவர் சந்தோஷமா போனாத்தான் அது நல்ல பேரம்னு சீனியர் சொல்வாங்க."

"யாரும்மா அந்த சீனியர்?"

"என் அம்மா."

பேராசிரியர் சிரித்த சிரிப்பில் கம்ப்யூட்டர் கரகரத்தது. "அப்ப வாங்கினவர்?"

"கதவுக்கு வெளியில உக்காந்து எனக்காக வீட்டையே அமைதியா வச்சிருக்கார். அம்மாவுக்கும் எனக்கும் பேரம் பேச வந்ததே அவர் தினமும் சாப்பிடும்போது சொல்ற ஆபீஸ் கதையைக் கேட்டுத்தான்."

"வகுப்புல சந்திப்போம்," என்றார் பேராசிரியர், இன்னும் சிரித்துக்கொண்டே. "முடிஞ்சா உன் சீனியரையும் அனுப்பி வை."

சாருக்குக் கோபம் பாதி தூரம் வந்து, அங்கேயே கண்ணீராக மாறிவிட்டது. நிமிர்ந்தால், எதிரே டீச்சரம்மா டீ கப்போடு நிற்கிறார். சிவப்புக் கப்.

"மூணுமே நீ வச்சதா?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"ஷ்ஷ், மெதுவா."

"முதலாவது எதுக்கு?"

"ஒண்ணை அடிச்சாத்தான் உங்களுக்குத் தெம்பு வரும்."

"ரெண்டாவது?"

"அது நான் தோக்கறதுக்கு."

"நான் ரத்து பண்ணப் போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வெளிநாடு போற பொண்ணுக்கு ஊர்ல எல்லாரும் பெட்டி வாங்குவாங்க. நீங்க அலமாரி வாங்கினீங்க." டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டார். "எனக்கும் அவளை விட்டுட்டு இருக்க முடியாதுங்க. என்ன பண்றது, அவ ஆசைப்பட்டுட்டாளே."

கெட்டிக்காரி. எவ்வளவு பெரிய கெட்டிக்காரி! இப்படி ஒருத்தி தன் ஆபீசில் இருந்தால் பம்பை ஓசியிலேயே செய்து தள்ளலாமே என்று அசந்து போனார் கத்தரிக்கோல் சார். ஆனாலும் ஆம்பிளை மானம் என்று ஒன்று இருக்கிறதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இனிமே இந்த வீட்டுல என் காதுல யாரும் பூ சுத்த முடியாது. இனி எதுவா இருந்தாலும் எனக்கு அஞ்சு கொட்டேஷன் வேணும்!"

"அஞ்சா? சரிங்க," என்றார் டீச்சரம்மா. "நானே ரெடி பண்ணித் தர்றேன்."