ஸ்னோமொபிலுக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு

வெட்கத்தால் ஆரும் செத்ததில்லை என்பார்கள். சரிதான், வெட்கப்பட்ட ஆள் சாகாது. பக்கத்தில் இருக்கிற ஆளுக்குத்தான் ஆபத்து. நான் கட்டின மனிசனை அப்படித்தான் கொல்லப் பார்த்தேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மெல்பேர்ணுக்கு வந்து பதினெட்டு வருசம். பஸ்ஸில் மணி அடிக்க வெட்கப்பட்டு, கடைசித் தரிப்பிடம் மட்டும் போய் நடந்து திரும்பி வந்திருக்கிறேன் (ஒருமுறை அல்ல). மருமகன் சுதன் குசினிக்குள் வந்தால் கதிரையை விட்டு எழும்பிவிடுவேன். "இருங்கோ மாமி, இருங்கோ" என்று அந்தப் பிள்ளை பதினொரு வருசமாகச் சொல்லிக் களைத்துப்போய்விட்டது.

சுதன் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதன்பிறகு பனிமலையில் ஒரு விடுதியில் திருத்த வேலைக்குப் போனார். போன ஆடி மாதம் (இங்கே அதுதான் பனிக்காலம்) என்னையும் என் மனிசனையும் நாலு நாள் வந்து நிற்கச் சொன்னார். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த விடுதிக்குக் கார் போகாது. மூன்று கிலோமீற்றர் கீழே காரை விட்டுவிட்டு ஸ்னோமொபிலில் ஏறவேண்டும். சக்கரம் இல்லாமல் பனியில் ஓடுகிற மோட்டச்சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாமான் ஏற்ற ஒரு சறுக்குப் பெட்டி.

"மாமி, இது என்ர பொறுப்பு. இதுக்கு ஒண்டு வந்தால் வேலையும் போச்சு," என்றார் சுதன்.

எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எந்த வாகனம் வந்தாலும் முதலில் பேசின் என்கிற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குத்தான் கொண்டுபோவோம். இந்தச் சாமானை அங்கே கொண்டுபோக வழியில்லை. கைப்பையில் கோயில் சந்தனம் கிடந்தது. பின்னேரம் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் குழைத்தேன். முன்பக்கம் வைத்தால் பனி கழுவிவிடும். சீற்றில் வைத்தால் ஆரும் அதன்மேல் குந்துவார்கள். பெற்றோல் மூடியைப் பார்த்தால், உச்சியில் ஒரு சின்ன ஓட்டை, பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி. கட்டியாக வைத்து நல்லாக அமத்திவிட்டேன். பிடிபடுவேன் என்று குங்குமம் வைக்கவில்லை. விடிய அது சீமெந்தாகி, மேலே பனியும் படிந்துவிட்டது.

அன்று காலை என் மனிசன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தார். முகம் சாம்பல்.

விடுதிப் பொறுப்பாளர் கிரெக் அம்புலன்சுக்குப் போன் அடித்தார். அது கார் நிற்கிற இடம் மட்டும்தான் வரும். மலை மீட்புக்காரர் மலையின் அடுத்த பக்கத்தில் நின்றார்கள், வர ஒரு மணித்தியாலம் ஆகுமாம். இவரைப் போர்வையால் சுற்றி, சுருட்டின பாய் மாதிரிச் சறுக்குப் பெட்டியில் கட்டினார்கள். நான் சுதனுக்குப் பின்னால் ஏறினேன். மருமகனுக்கு முன்னால் கதிரையில் இராதவள், அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு! அந்த நிலையிலும் எனக்குக் கூச்சம். இப்படியும் ஒரு பிறவி.

இருநூறு யார் தூரம் போயிருக்காது, எஞ்சின் இருமி நின்றது.

கிரெக் குறடு, சாவி கிடக்கிற ஆயுதப் பெட்டியோடு ஓடிவந்தார். பிளக்கை மாற்றினார்கள். சுதன் மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று பார்த்தார். "உஸ்" என்று ஒரு சத்தம். திரும்ப மூடிவிட்டு, எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தார். உடனே ஸ்ராட். கொஞ்சத் தூரம் போனதும் நின்றது. சோக்கை இழுத்தார்கள், வயரைப் பார்த்தார்கள், திரும்ப மூடியைத் திறந்தார்கள். உஸ். ஸ்ராட். நின்றது.

"பாட் ஃபுயல்! என்ன பெற்றோல் அடிச்சு வைச்சிருக்கிறாய்?" என்கிற மாதிரி கிரெக் கத்தினார்.

மூன்றாவது உஸ்ஸில் எனக்கு விளங்கிவிட்டது. ரின்பால் பேணிக்கு ஒரு ஓட்டை மட்டும் குத்தினால் பால் வராது. காத்து உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். அந்த இன்னொரு ஓட்டையில்தான் என் சந்தனம் இருந்தது.

சொன்னேனா? இல்லை. அந்த வெள்ளைக்காரன் என்ன நினைப்பான், மருமகனுக்கு மாமியாரால் வேலை போகுமே, எப்படித் தொடங்கிறது என்று நின்றேன். எஞ்சின் இன்னும் இரண்டு தரம் ஸ்ராட் ஆகி இரண்டு தரம் செத்தது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெள்ளைப் பனி.

"இஞ்சரும்," என்றார் இவர். சொண்டு நீலமாய் இருந்தது. "நான் நடந்தே போயிருக்கலாம் போல."

பிறகுதான் வாய் திறந்தது. அதுவும் இங்கிலீசில். "மீ! ஐ குளோஸ் த ஹோல்!"

கிரெக் என்னைப் பார்த்தார். சுதன், "என்ன மாமி சொல்லுறியள்?" என்றார். பதில் சொல்ல வெட்கமாக இருந்ததால், கொண்டை ஊசியை உருவி மூடியின் நடுவில் குத்திக் கிண்டினேன். மஞ்சள் தூள் கொட்டியது. எஞ்சின் அடிவாரம் போய்ச் சேரும்வரை ஒரு தரமும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நிறையச் சொன்னார். இருதயத்தின் ஒரு பக்கத் தசை செத்துவிட்டது என்று சுதன் மொழிபெயர்த்தார். டொக்டர் சொன்ன ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். ஆனால் 'ஏர்லியர்', இன்னும் முந்தி, என்பது எனக்குத் தெரிந்த சொல். இவர் இப்போது வாசலில் கடிதப் பெட்டி வரைக்கும் நடந்தாலே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்.

சுதனுக்கு வேலை போகவில்லை. எனக்குத்தான் புது வேலை கிடைத்தது. ஆருடைய கார் நின்றாலும் "எஞ்சினியர் அன்ரியைக் கூப்பிடுங்கோ" என்கிறார்கள். பிறந்தநாள், சாமத்தியவீடு, எங்கே போனாலும் இவர் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். "ரெண்டு ஆம்பிளையள் நிண்டும் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. என்ர மனிசி ஒரு கொண்டை ஊசியால என்னைக் காப்பாத்தினவ!" சனம் சிரிக்கும். நான் குனிந்துகொண்டு இருப்பேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

இதை எழுதி முடித்ததும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். பனியைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"நீர் விளங்கியும் சொல்லாமல் நிண்டது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் இவர். "பெட்டிக்குள்ள மல்லாக்கக் கட்டினவை. உம்மட முகத்தைத் தவிரப் பாக்கிறதுக்கு எனக்கு வேற என்ன இருந்தது?"

பிறகு சொன்னார்: "சனத்துக்கு அதைச் சொல்லாதையும். சிரிக்கமாட்டினம்."