மூணுதரம் விற்ற கோழி

மூன்றாவது தரமும் சொல்லி, மேசையில் சுத்தியலைத் தட்டிய பிறகுதான் ஏலக்காரருக்கு அந்தக் கூடையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. உடைந்த கைப்பிடியில் சுற்றியிருந்த கம்பி, காலையில் அவரே சுற்றியது. கூடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கோழியின் காலில் நீலக் கயிறு. சந்தேகமே இல்லை. வீட்டிலிருந்து சைக்கிளில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்த கோழியை வாய் வலிக்கப் புகழ்ந்து விற்றுவிட்டிருந்தார்.

அவருக்கு ஊரில் மூணுதரம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. "ஒருதரம், ரெண்டுதரம்" வரைக்கும் தரையில் நடக்கிற குரல், மூன்றாவது தரத்தில் கூரைத் தகரத்தைத் தொட்டுவிட்டு வரும். முட்டை, வாத்து, ஆடு, பூசணிக்காய், கால் ஆடும் கட்டில், மூடியில்லாத குக்கர், எதுவானாலும் மேசைக்கு வந்துவிட்டால் அவர் கண்ணுக்குத் தங்கம்தான். ஒரு பொருளைக் குறை சொல்லி அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. அவர் பேசும்போது நடுவில் யாரும் பேசவும் கூடாது. பேசியவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அடுத்த தரம் சொல்வார்.

காலையில் அவர் குழாயடியில் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார். குரலை வைத்துப் பிழைக்கிறவர் இதில் அவசரப்பட மாட்டார். மனைவி கூடையோடு வந்து என்னவோ சொன்னாள். கொப்பளிக்கிற சத்தத்துக்கு நடுவே "கோழி" என்றும் "டாக்டர்" என்றும் இரண்டே சொற்கள் காதில் விழுந்தன. ஏலக்கூடத்துக்கு எதிரேதான் கால்நடை மருத்துவமனை. டாக்டரும் தெரிந்தவர், வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார். இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? கோழிக்கு உடம்பு சரியில்லை, காட்டிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் புரிந்தது என்று கையைக் காட்டிவிட்டுக் கொப்பளிப்பைத் தொடர்ந்தார்.

கொல்லையில் மனைவி வளர்க்கும் கோழிகளை அவர் நின்று பார்த்ததில்லை. பகல் முழுவதும் கோழி முகத்தில் விழிக்கிறவர் வீட்டுக்கு வந்துமா பார்ப்பார்? ஆனால் காலில் கயிறு கட்டியிருந்ததைக் கவனித்தார். இது அவளுடைய செல்லக் கோழி என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

டீ குடிக்கப் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று கூடையை மேசைக்கடியில் வைத்தார். அது சுமை தூக்குகிறவர் கண்ணில் பட்டது. அவர் எண் ஒட்டி மேசைமேல் ஏற்றினார். அப்புறம் நடந்ததுதான் தெரியுமே.

வேறு யாருக்காவது இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மூணுதரத்துக்கு அப்படியில்லை. ரிப்பேருக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்து ஓரமாக வைத்த மனைவியின் தையல் மிஷினையும் போன வருடம் இதே மேசையில் விற்றிருந்தார். அன்றைக்கு அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை.

"இன்னொரு தடவை என் பொருள் ஏதாவது அந்த மேசைக்குப் போச்சுன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் காலி வீட்டுல நின்னு ஏலம் விடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னால் செய்கிறவள். உலகத்தில் அவர் குரலை உயர்த்தாமல் பேசுகிற ஒரே இடம் அவள் பக்கத்தில்தான். போதாக்குறைக்கு மேனேஜரும் எச்சரித்திருந்தார். ஏலம் விடுகிறவர் தன் பொருளை விற்கவும் கூடாது, ஏலத்தில் விலை கேட்கவும் கூடாது. இன்னொரு தடவை நடந்தால் சுத்தியலை வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆனாலும் மூணுதரம் கலங்கவில்லை. எதையும் விற்கத் தெரிந்தவனுக்கு, விற்றதைத் திரும்ப வாங்கத் தெரியாதா? மீசையைத் தடவிக்கொண்டு, கோழியை வாங்கியவரைத் தேடிப் போனார்.

வாங்கியவர் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர். கோழி மத்தியானக் குழம்புக்கு. கொடுத்த விலைக்கு மேலேயே போட்டுத் தருகிறேன் என்று மூணுதரம் நயமாகக் கேட்டுப் பார்த்தார். சமையல்காரர் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி கோழி இனிமே பிறந்துதான் வரணும்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க? இப்ப எனக்கே கொடுக்க மனசு வரல."

புகழ்ந்ததுதான் தப்பு என்று மூணுதரத்துக்கு உறைத்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கிழட்டுக் கோழிப்பா. நாள் பூரா அடுப்புல கிடந்தாலும் வேகாது."

வேலை செய்தது, ஆனால் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டது. சமையல்காரர் கூடையை அவரிடம் கொடுக்காமல் நேராக மேனேஜர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கிழட்டுக் கோழியை இளசு என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவர் போட்ட சத்தம் தக்காளி மூட்டைகள் வரைக்கும் கேட்டது. மேனேஜர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆடுகள் முடிந்ததும் கோழியை மறுபடி மேசைக்கு ஏற்றச் சொன்னார். யார் வீட்டுக் கோழி என்று அவர் கேட்காமல் விட்டது புண்ணியம்.

"இந்தத் தடவை உள்ள குறையைச் சொல்லி ஏலம் விடுங்க. நானும் வந்து நின்னு கேக்கறேன்" என்றார்.

மூணுதரத்துக்கு இது நல்லதாகவே பட்டது. குறை சொன்னால் விலை இறங்கும், விலை இறங்கினால் தன் ஆள் ஒருவன் எடுத்துவிடலாம். பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டார். அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"அடிமாட்டு விலைக்குப் போயிடும். நீ முன்னால வந்து நின்னு கேளு. யாரு கேட்டாலும் விட்டுடாதே."

"விடவே மாட்டேன் மாமா" என்றான் மச்சினன். சொன்னதைச் செய்வதில் அவன் அக்காவுக்குத் தப்பாத தம்பி.

கோழி மேசைக்கு வந்தது. மூணுதரம் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு பொருளைத் திட்டத் தொடங்கினார். வயசாகிவிட்டது என்றார். இறகு கொட்டுகிறது என்றார். முட்டை எப்படி இருக்கும் என்றே இதற்கு மறந்துபோயிருக்கும் என்றார். கோழி கழுத்தை நிமிர்த்தி அவரை ஒரு பார்வை பார்த்தது.

முன்வரிசையில் நின்ற காய்கறிக்காரம்மா பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள்.

"மூடியில்லாத குக்கரையே வித்த மனுஷன். இவரு ஒண்ணை வேணாங்கறாருன்னா, அதுல ஏதோ விஷயம் இருக்கு."

அந்தக் கிசுகிசு கடைசி வரிசை வரைக்கும் ஓடியது. மச்சினன் நூறில் தொடங்கினான். காய்கறிக்காரம்மா இருநூறு என்றாள். மூணுதரம் பதறிப்போய், இதற்கு ஒரு கண் சரியாகத் தெரியாது என்றார். விலை ஐந்நூறு ஆயிற்று. போதாது என்று, இது சேவல் மாதிரி கூவி உயிரை வாங்கும் என்று அடித்துவிட்டார். கூவுகிற பெட்டையா என்று ஆச்சரியப்பட்டு, பணத்தைத் திரும்ப வாங்கிப் போன சமையல்காரரே மறுபடி வந்து எழுநூறு கேட்டார்.

ஆயிரத்தைத் தாண்டியதும் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள், கடைசி வரிசையில் நின்ற பச்சைச் சட்டைக்காரர் ஒருவரைத் தவிர. ஒல்லியான ஆள், புதுமுகம். தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாரே தவிர நிறுத்தவில்லை. நடுவில் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மூணுதரம் சுத்தியலை அவர் பக்கம் நீட்டினார்.

"இங்க விலை மட்டும்தான் பேசணும். வேற பேச்சு இருந்தா வெளியில போய்ப் பேசுங்க."

பச்சைச் சட்டைக்காரர் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் கையைத் தூக்கினார். சற்று முன்பு ஓர் ஆட்டுக்குட்டி போன விலையையும் கோழி தாண்டியது. மச்சினன் அசரவில்லை, பணம் மாமாவுடையதுதானே. மூணுதரத்துக்கு மேசைக்குப் பின்னால் நின்றபடியே வியர்த்து ஊற்றியது. கடைசியில் பச்சைச் சட்டைக்காரர் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார். அன்றைக்குச் சொன்ன மூன்றாவது தரத்துக்குக் கூரைத் தகரமே அதிர்ந்தது.

சம்பளத்தில் பாதி போயிற்று. போகட்டும். செல்லக் கோழி பிழைத்தது, வேலை பிழைத்தது, மனைவி எங்கேயும் போகப்போவதில்லை. குறையைச் சொல்லியே இந்த விலைக்கு விற்றுவிட்டாரே என்று மேனேஜர் வேறு கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். தன்னை மாதிரி ஓர் ஆள் இந்தத் தொழிலில் இல்லை என்று மூணுதரத்துக்கு மறுபடியும் உறுதியாயிற்று. மச்சினனிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டு, மிச்ச வேலையையும் முடித்துவிடலாம் என்று எதிரே இருந்த மருத்துவமனைக்கு நடந்தார்.

வாசலில் அந்தப் பச்சைச் சட்டைக்காரர் நின்றுகொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த கம்பவுண்டராம். ஜெயித்தவர் காட்ட வேண்டிய பெருந்தன்மையோடு மூணுதரம் அவர் தோளில் தட்டினார்.

"மனசுல வச்சுக்காதீங்க தம்பி. நல்லாத்தான் போட்டி போட்டீங்க. ஆனா இது என் வீட்டுக்காரி உயிரா வளர்க்கிற கோழி, விட முடியுமா? டாக்டர் இருக்காரா? இதைக் காட்டணும்."

கம்பவுண்டர் குனிந்து நீலக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூடையைப் பணிவாகத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"காட்ட வேணாம் சார், கொடுத்துட்டாப் போதும். டாக்டர் வீட்டுக் கோழி சுவர் தாண்டி எங்க கொல்லைக்கு வந்துடுச்சு, அடையாளத்துக்கு நீலக் கயிறு கட்டி எங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுத்து அனுப்பியிருக்கேன், போய் வாங்கிக்கோங்கன்னு உங்க வீட்டம்மா காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."