'அப்புறம்' சாரின் இரண்டு ஆட்கள்

அமெரிக்காவில் வேலையே செய்யாமல் சம்பளம் வாங்கிய முதல் தமிழர் எங்கள் 'அப்புறம்' சார்தான் என்று ஒரு காலத்தில் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன்.

எண்பதுகளில், நியூ ஜெர்சியில், சர்க்யூட் போர்டு செய்யும் ஃபேக்டரி. கோளாறுகளின் காரணத்தைத் துருவிக் கண்டுபிடிக்க இரண்டே ஆட்கள். அவர்களை எந்தக் கோளாறுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் சாரின் உத்தியோகம். முடிவு அநேகமாக ஒன்றுதான்: "அப்புறம் பாக்கலாம்."

லேபிள் கோணலா? அப்புறம். காபி மிஷின் ஒழுகுகிறதா? அப்புறம். வைஸ் பிரசிடென்ட் தன் அறை ஹீட்டர் முனகுவதை தேசிய நெருக்கடியாக அறிவித்து இரண்டு ஆட்களையும் கேட்டார். அதுவும் அப்புறம்தான்.

ஏன் என்று கேட்டால், "இதனால யாராவது வேலைய விட்டுப் போவாங்களா?" என்பார்.

வீட்டிலும் இதே தர்பார். ஒரு ஞாயிறு சாப்பிடப் போயிருந்தேன். கிச்சன் குழாய் சொட்டுவதாக அவர் மனைவி சொன்னார்.

"இதனால யாரு வீட்ட விட்டுப் போவா?" என்றார் சார்.

"நான்தான். மதுரைக்கு," என்றார் அவர், ரசம் ஊற்றிக்கொண்டே. சார் பாதிச் சாப்பாட்டில் ஸ்பானர் தேடப் போனார்.

அந்தக் குளிர்காலத்தில் என் பொறுப்பில் இருந்த மிஷினில் போர்டுகள் சால்டர், அதாவது ஈயப் பற்று, சரியாகப் பிடிக்காமல் வந்தன. மேனேஜருக்குக் காரணம் கிடைக்கவில்லை, நான் கிடைத்தேன். வேலை போனால் கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனுவும் போகும். மனைவி, கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பயந்துபோய் சாரிடம் சொன்னேன். வழக்கமான கேள்வியை அவர் கேட்கவேயில்லை.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே."

"வி.பி. ஹீட்டருக்குக் கேட்டிருக்காரே சார்?"

"முனகட்டும். அவருக்கென்ன, விசாவா போயிடப் போகுது?"

காரணம் அகப்பட்டது. லாரிக்காகப் பின்கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று நேராக மிஷின்மேல் அடித்திருக்கிறது. குறுக்கே ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டோம். என் வேலை தங்கியது. வி.பி.யின் கோபமும் தங்கியது. சாருக்கு வரவேண்டிய புரமோஷன், ஹீட்டரைச் சரிசெய்ய ஆள் பிடித்துக் கொடுத்த மகானுக்குப் போனது.

ஸ்வீட் டப்பாவோடு போய் நின்றேன். "என்னாலதானே சார், உங்க புரமோஷன்..."

"அதனால யாராவது ஊருக்குத் திரும்பிப் போறாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அத அப்புறம் பாக்கலாம்."

அந்த அப்புறம் வரவேயில்லை. அதே நாற்காலியில்தான் ரிட்டயர் ஆனார். எல்லாவற்றையும் தள்ளிப்போட்ட அந்த மனுஷர், என்னை மட்டும் தனக்கும் முன்னால் வைத்தார்.