கெர்ட்ரூட் அக்கா வழியாக வந்த வெள்ளச் செய்தி

காம்பார்,
12 டிசம்பர் 1983

அன்புள்ள ஸ்டானிஸ்லாஸ் மச்சானுக்கு,

ஆம்புரோஸ் எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் எல்லாரும் காய்ந்த துணியோடு இருக்கிறோம். புந்தோங்கில் நீங்களும் என் தங்கை ரோசரியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

வெள்ளம் வந்தால் எங்கள் லயத்து வீடுகளுக்குத் தகவல் சொல்ல, நீங்கள் பழுதுபார்த்து அனுப்பிய நான்கு வாக்கி-டாக்கிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆற்றின் மேல்பக்கம் நம் பையன் பத்துமலை, நடுவில் சுண்ணாம்புக் குன்றடியில் அவன் கூட்டாளி சீனி, லயத்தில் நான். நாலாவதை, வாய் ஓயாத நம் கெர்ட்ரூட் அக்காவிடம் கொடுத்தோம். அவர் வீடு குன்றுக்குப் பக்கவாட்டில் தூரத்து மேட்டில் இருப்பதால் தொந்தரவு இருக்காது என்று நினைத்தேன். அவரவர் தன்னைவிட லயத்துக்குக் கிட்டே இருப்பவரிடம் மட்டுமே தகவலைச் சொல்ல வேண்டும் என்று சட்டமும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மழையில் சீனியின் பெட்டி நனைந்து ஊமையாகிவிட்டது. குன்று மறைப்பதால் பத்துமலையின் குரல் எனக்கு எட்டாது. அவன் என் சட்டப்படி சீனியையே கூப்பிட்டுக்கொண்டிருக்க, ஆறு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்பா, செத்த பெட்டிய ஏன் கூப்புடுற? எங்கிட்ட சொல்லு லா!"

"நீங்க லயத்துக்குத் தூரமாச்சே அக்கா. அண்ணே சட்டம் போட்டிருக்காரு."

"அவரு சட்டம் நீந்துமா? சுத்திப் போனாலும் போய்ச் சேருமில்ல!"

அவர் வீட்டுக்குக் குன்றின் இரண்டு பக்கமும் கேட்கும். சற்று நேரத்தில் என் பெட்டி பேசியது: "தம்பி, எல்ஸிக்கு இருமல் விட்டுச்சா? நேத்து கோயிலுக்குக்கூட வரல... ஆங், தண்ணி பாலத்த தாண்டிருச்சாம்."

இருமலில் இருந்த என் மனைவி எல்ஸியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கத்தினேன். லயமே மேட்டுக் கோயிலுக்கு ஓடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தகவலும் அக்கா வழியாகவே வந்தது, ஒவ்வொன்றோடும் ஒரு ஊர்க்கதையும் வந்தது. திடீரென்று ஒன்றும் வரவில்லை. எத்தனையோ வருஷமாக அவர் வாய் மூடாதா என்று ஏங்கிய நான், மழையில் நின்று, "அக்கா, ஏதாச்சும் பேசுங்க அக்கா!" என்று கெஞ்சினேன். பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. ரேடியோவிலிருந்து கழற்றிப் போட்டுக்கொண்டு, "நாடகம் போச்சு, ஒன்னாலதான்!" என்று திட்டினார். அவ்வளவு இனிமையான திட்டை நான் கேட்டதில்லை.

ஒருவருக்கும் ஆபத்தில்லை. என் நாற்காலி மட்டும் மிதந்து போய்விட்டது. இனி அக்கா வழியே சுற்றாமல் இருக்க, குன்று உச்சியில் வைக்க இன்னொரு பெட்டி அவசியம் அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்; ஆண்டவர் உங்கள் கூரையைக் காக்கட்டும்.

ஆம்புரோஸ்

பி.கு.: பெட்டி வேண்டாம். இப்போதுதான் எங்கள் வெள்ளக் கமிட்டி கூடி அக்காவைத் தலைவியாக்கியது. அவர் பேரைச் சொன்னதே நான்தான். பேட்டரி மட்டும் நிறைய அனுப்புங்கள்.