மூன்று கட்டைகளும் என் ஐந்து நிமிட உரையும்

ஒரு மொழியை முழுதாகத் தெரிந்தவர் அதில் வாயைத் திறக்க யோசிப்பார். அரைகுறையாகத் தெரிந்தவரைத்தான் மேடையேற்றுவார்கள். நான் ஏறினேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒக்கலிபுரத்தில் அம்மாவோடு இருந்தேன்; வேலை ஊரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில். மெட்ரோ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் பிரான்ஸில், லியோன் நகரத்தில். அங்கே மூன்று மாதம் போய்வர எங்கள் குழுவில் ஒருவருக்கு வாய்ப்பு இருந்தது. ஆறு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள் நான் ஒருத்திதான் என்பதால், அந்த ஒருவர் நான்தான் என்று அலுவலகமே பேசிக்கொண்டது. (நான்தான் பேச வைத்தேன்.)

லியோனிலிருந்து கிளேர் என்ற அம்மையார் வருவதாக இருந்தது. மேலாளர் ராகவேந்திரா என்னைக் கூப்பிட்டார். மைசூர்க்காரர், என்னிடம் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம்.

"அஞ்சு நிமிஷம் வெல்கம் ஸ்பீச் குடும்மா. ரெண்டு வார்த்தை பிரெஞ்சுல சொன்னா அந்தம்மா குஷியாயிடுவாங்க. லியோன் விஷயம் நான் பாத்துக்கறேன்."

பூங்கொத்து மாதிரி ஓர் உரை எழுதி மனப்பாடம் செய்தேன். அன்று காலை ஆறரைக்கு அலுவலக கேப் ஏறினேன். ஒன்பதுக்குக் கூட்டம். டின் ஃபேக்டரி பக்கத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டது. எட்டு மணிக்கும் அதன் பின்பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். இடுப்பு விட்டுப்போனது. 'மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்' என்ற வரி நாக்குக்கு வரமாட்டேன் என்றது. அப்போதுதான் வகுப்பில் ஆசிரியை சொன்ன ஒரு சொல்லின் கதை நினைவுக்கு வந்தது. உரையை மாற்றினேன். (களைத்துப்போய் இருக்கும்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள்.)

ஒன்பதேகாலுக்கு உள்ளே நுழையும்போதே "வா மாலதி" என்று ராகவேந்திரா மைக்கைக் கையில் கொடுத்தார். அதற்கு முந்தைய பதினைந்து நிமிடத்தில் அவர் என்ன அறிவித்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

'பொன்ஜூர்' சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவினேன். வேலைக்கு பிரெஞ்சில் 'த்ரவாய்' என்று பெயர். அதன் வேர் லத்தீனில் 'த்ரிபாலியம்', அதாவது மூன்று கட்டை. ஆளை அதில் கட்டிவைத்து வதைப்பார்கள். அந்த வதைதான் பிரெஞ்சில் வேலையானது. ஸ்பானிஷில் 'த்ரபாஹோ', போர்ச்சுகீஸில் 'த்ரபாலியு' ஆனது. இத்தாலியில் 'த்ரவாலியோ' என்றால் பிரசவ வலி. இங்கிலாந்துக்குப் போய் 'டிராவல்' ஆகிவிட்டது, அந்தக் காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவதே வதை என்பதால். இன்று காலை ஒக்கலிபுரத்திலிருந்து வந்தவள் என்ற முறையில் அதற்கு நானே சாட்சி என்று முடித்தேன்.

கடைசி வரிசையில் என் தோழி ஷீலா எழுந்து கைதட்டினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள், பிறகு அறையே. யாரோ விசிலும் அடித்தார்கள். என் சொல்லாற்றலுக்குத்தான் என்று நினைத்துத் தலை வணங்கினேன். (இரண்டு முறை.)

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஷீலா காதில் சொன்னாள்:

"செம தில்லுடி உனக்கு. மூணு மாசத்துக்கு சனிக்கிழமையும் ஆபீஸ்னு இப்பதான் அனௌன்ஸ் பண்ணாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

முன் வரிசையில் கிளேர் ராகவேந்திராவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். மேலாளர் சிரித்துக்கொண்டே வியர்த்தார்.

பிற்பகல் அவர் அறையில் நின்றேன்.

"சார், சனிக்கிழமை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. டிராஃபிக்ல மாட்டி..."

"ஸாக்கு அம்மா, ஸாக்கு" என்றார். கன்னடத்தில் 'போதும்' என்று பொருள். லியோன் போய்விட்டது என்பதைத் தனியாக எந்த மொழியிலும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாலையில் லிஃப்ட் அருகே கிளேர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். கதை நன்றாக இருந்தது என்றார். ஆனால் அந்த மூன்று கட்டை விஷயத்தை அறிஞர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, தெரியுமா என்றும் கேட்டார். தெரியாது. ஆறு மாத வகுப்பு அதுவரை போகவில்லை.

லியோனுக்கு பிரகாஷ் போனான். 'பொன்ஜூர்' கூட ஒழுங்காக வராதவன். வாராவாரம் என்றிருந்த சனிக்கிழமை வேலை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று குறைந்தது. அதற்கு நன்றியாக ஷீலா எனக்கு ஒரு மசால் தோசை வாங்கித் தந்தாள். பிரான்ஸுக்குப் பதிலாக வந்த தோசை என்று நினைத்துக்கொண்டே மென்றேன்.

அம்மாவிடம் சொன்னதுதான் அடுத்த தவறு. மறுநாளிலிருந்து "மூணு கட்டைக்குக் கெளம்பிட்டியா" என்று கேட்டுத்தான் டிபன் டப்பாவை நீட்டினாள். கல்யாணத்தின்போது சீரோடு சீராக அதையும் என் கணவரிடம் ஒப்படைத்துவிட்டாள்.

போன மாதம் அவருடைய பெரியப்பா திருப்பத்தூரிலிருந்து இவருக்கு ஃபோன் செய்து என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். "அவ மூணு கட்டையில மாட்டியிருக்கா பெரியப்பா, சாயங்காலம்தான் அவுத்து வுடுவாங்க" என்றிருக்கிறார் இவர். பெரியப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். கட்டை அவருக்குக் கட்டு என்று, அதுவும் மாவுக்கட்டு என்று விழுந்திருக்கிறது.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு பை ஆப்பிளோடு அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்த என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"கட்டெல்லாம் பிரிச்சிட்டாங்களாம்மா?"

விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"இன்னிக்குப் பிரிச்சிட்டாங்க மாமா. நாளைக்குக் காலையில மறுபடி போடுவாங்க."

அவர் ஒரு ஆப்பிளை எடுத்து என் கையில் வைத்தார். "பாத்து நடம்மா" என்றார்.